கடை மூடிய நேரத்தில் வரும் கோல் எங்கே போகிறது?

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் எம்மவர்கள் பெயர்ப்பலகைக்குச் செலவழிப்பது கொஞ்சநஞ்சப் பணமல்ல. எழுத்து எந்த நிறம், லைட் எந்தப் பக்கம், எந்த மொழி மேலே என்று மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போல உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பலகையின் அடியில் இருக்கும் டெலிபோன் இலக்கத்தைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு அந்த இலக்கத்துக்கு ஒருவர் கோல் எடுத்தால் என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். "ரிங் போகும்" என்பார்கள். போகட்டும். அதற்குப் பிறகு?

அதற்குப் பிறகு, கல்முனையிலோ சம்மாந்துறையிலோ இருந்து ஓடர் கொடுக்க எடுத்த வாடிக்கையாளர் தனது கொப்பியில் அடுத்த வரியில் இருக்கும் கடைக்கு எடுப்பார். இரவு லொறியில் சாமான் ஏற வேண்டும் என்றால் அவருக்குக் காத்திருக்க நேரமில்லை. அவர் எம்மோடு கோபித்துக்கொள்வதும் இல்லை, ஏன் எடுக்கவில்லை என்று பிறகு கேட்பதும் இல்லை. அதனால்தான் இந்த நட்டம் எமது கணக்குப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் விழுவதில்லை. செக் திரும்பினால் தெரிகிறது. சாமான் உடைந்தால் தெரிகிறது. எடுக்காத கோல் தெரிவதில்லை.

"இப்போது எல்லாம் வட்ஸ்அப் தானே, இந்தப் பழைய டெலிபோனை யார் பார்க்கிறார்கள்?" என்று இளைய முதலாளிமார் கேட்பார்கள். வட்ஸ்அப் நல்லதுதான். விலைப்பட்டியல் அனுப்பலாம், சாமானின் படம் அனுப்பலாம். ஆனால் பில் புத்தகத்திலும், கலண்டரிலும், வங்கியிலும், வாடிக்கையாளரின் மனப்பாடத்திலும் இருப்பது கடை இலக்கம்தான். 2003இல் கொழும்பின் 01 என்பது 011 ஆகி, இலக்கத்துக்கு முன்னால் ஒரு 2 சேர்ந்தபோது பலகைகளில் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டியவர்கள் நாம். அந்த ஸ்டிக்கர் இன்னும் உரியாமல் இருக்கும் கடைகளை நான் காட்டுவேன். அப்படிப்பட்ட ஓர் இலக்கம் இருபது முப்பது வருட வியாபாரத்தின் முகவரி. அதை அநாதையாக விட்டுவிட்டுக் கைத்தொலைபேசியில் வியாபாரம் செய்வது, முன் வாசலைப் பூட்டிவிட்டு ஜன்னலால் சாமான் விற்பது மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். இப்போது பல கடைகளில் இந்த லைனோடு ஒரு சிறிய பெட்டி பொருத்தப்படுகிறது. இன்டர்நெட் டெலிபோன் கேட்வே என்று சொல்கிறார்கள். உள்ளங்கை அளவுதான். பின்பக்கத்தில் இன்டர்நெட் வயருக்கு ஒரு துவாரம், சாதாரண டெலிபோனைக் கொழுவ ஒன்று, வெளியிலிருந்து வரும் லைனைக் கொழுவ ஒன்று. டெலிபோன் கொழுவும் துவாரத்தை எஃப்.எக்ஸ்.எஸ். என்றும், லைன் கொழுவும் துவாரத்தை எஃப்.எக்ஸ்.ஓ. என்றும் பொறித்திருப்பார்கள். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். மாற்றிக் கொழுவினால் பெட்டி பழுதாகவும் இடமுண்டு. வேலை இதுதான்: லைனில் வரும் குரலை இன்டர்நெட்டில் ஏற்றி வேறு இடத்துக்கு அனுப்பும், அங்கிருந்து வருவதை இங்கே இறக்கும். கடை புறக்கோட்டையிலும் ஸ்டோர் வத்தளையிலும் இருப்பவருக்கு இது ஒரு வரப்பிரசாதம். கடைக்கு வந்த கோலை ஸ்டோருக்குத் திருப்பலாம், அந்தத் திருப்பலுக்கு இன்டர்நெட் காசைத் தவிர வேறு செலவில்லை.

ஆனால் இந்தப் பெட்டி கடைக்கு வரும் விதத்தைப் பாருங்கள். விற்ற கொம்பனியிலிருந்து ஒரு தம்பி வருவார். கொழுவுவார். தனது கைத்தொலைபேசியால் ஒரு கோல் எடுத்துப் பார்ப்பார். மணி அடிக்கும். "சரி முதலாளி, வேலை செய்யுது" என்று சொல்லி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். மணி அடிப்பது மட்டும்தான் அங்கே சோதிக்கப்பட்டது. ஆள் இல்லாதபோது, லைன் எங்கேஜாக இருக்கும்போது, மின்சாரம் இல்லாதபோது கோல் எங்கே போக வேண்டும் என்ற கேள்விகளுக்கு உள்ளே பதில் எழுதும் இடங்கள் இருக்கின்றன. அவை தொழிற்சாலையில் வைத்தபடியே கிடக்கும். பெட்டியைச் செய்த தொழிற்சாலைக்கு எங்கள் ஜும்ஆ எத்தனை மணிக்கு என்று தெரியுமா?

எனது அபிப்பிராயம் இதுதான். அந்த இடங்களை நிரப்புவது மெக்கானிக்கின் வேலையல்ல, முதலாளியின் வேலை. பட்டனை அவர் அழுத்தட்டும்; எங்கே போக வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டும். கல்லாவின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று மேசன் பாஸிடம் கேட்போமா?

இது இன்றைக்கு வந்த பிரச்சினையுமல்ல. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி என்ற ஊரில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர் இருந்தார். மரண வீடுகளுக்கு அடக்கம் செய்து கொடுக்கும் தொழில். அந்தக் காலத்தில் கோல் எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண்தான் வயரைக் கொழுவி இணைத்துவிட வேண்டும். தனக்கு வரவேண்டிய கோல்கள் போட்டிக்காரருக்குப் போகின்றன என்று ஸ்ட்ரோஜருக்குச் சந்தேகம். எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் அந்தப் போட்டிக்காரரின் மனைவி என்று கதை சொல்வார்கள்; மனைவியா வேறு உறவா என்பதில் கதைக்குக் கதை வித்தியாசம். மனிதர் சண்டைக்குப் போகாமல், இடையில் ஆளே தேவைப்படாத தானியங்கி எக்ஸ்சேஞ்ச் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1891இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1892இல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் என்ற ஊரில் முதலாவது எக்ஸ்சேஞ்ச் திறக்கப்பட்டது. தானியங்கி டெலிபோன் பிறந்ததே "எனது வாடிக்கையாளர் எடுத்த கோல் எங்கே போகிறது?" என்று ஒரு வியாபாரி கேட்டதால்தான்.

இனி உள்ளே இருப்பவற்றைப் பார்ப்போம். கோல் திருப்புவதில் மூன்று வகை உண்டு. வருவதெல்லாம் உடனே வேறு இலக்கத்துக்குப் போவது ஒன்று. லைன் எங்கேஜாக இருந்தால் மட்டும் போவது இரண்டாவது. குறிப்பிட்ட நேரம் மணி அடித்தும் எவரும் எடுக்காவிட்டால் போவது மூன்றாவது. சந்தையில் அதிகமாகக் காணப்படும் கிராண்ட்ஸ்ட்ரீம் பெட்டிகளிலும், பழைய லின்க்சிஸ், சிபுரா பெட்டிகளிலும் இவற்றுக்கான குறிகள் ஒரே மாதிரித்தான். *72 அழுத்தி இலக்கத்தைக் கொடுத்தால் முதலாவது, *73 அதை நீக்கும். எங்கேஜுக்கு *90, நீக்க *91. எடுக்காததற்கு *92, நீக்க *93. இவை அமெரிக்க டெலிபோன் கொம்பனிகளின் வழக்கத்தைப் பின்பற்றியவை. எமது கைத்தொலைபேசிகளில் இருப்பது ஐரோப்பிய வழக்கம்: அங்கே 21, 67, 61 என்று வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கைத்தொலைபேசியில் 67 என்பது எங்கேஜ் திருப்பல். பெட்டியில் *67 என்பது எமது இலக்கத்தை மறைத்து கோல் எடுப்பது. முன்பின் தெரியாத இலக்கமாக மறைந்து வரும் கோலை எந்தக் கடன்காரர் எடுப்பார், எந்த வாடிக்கையாளர் எடுப்பார்?

மூன்றில் எது நல்லது என்று கேட்டால், கடைக்கு மூன்றாவதுதான் என்பேன். முதலாவதை அழுத்திவிட்டு நீக்க மறந்தால், ஆள் கடையில் இருக்கும்போதே மணி வேறு எங்கோ அடித்துக்கொண்டிருக்கும். எடுக்காவிட்டால் எத்தனை செக்கனில் திருப்புவது என்பதும் ஒரு செட்டிங். கிராண்ட்ஸ்ட்ரீமில் வழக்கமாக 20 செக்கன் என்று வைத்திருப்பார்கள். கவுண்டரில் ஆள் நிற்கும் சில்லறைக் கடைக்கு அது அதிகம். பின்னால் ஸ்டோரிலிருந்து ஓடிவந்து எடுக்க வேண்டிய மொத்தக் கடைக்குச் சரி. ஒரு நாள் ஸ்டோரிலிருந்து நடந்து வந்து நேரம் பாருங்கள், உங்கள் கடைக்கு எத்தனை என்று தெரிந்துவிடும்.

அழைப்புக் காத்திருப்பு என்று இன்னொன்று உண்டு. ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கோல் வந்தால் காதுக்குள் டிக் டிக் என்று கேட்குமே, அதுதான். இதைத் திறந்து வைத்துவிட்டு, எங்கேஜ் ஆனால் ஸ்டோருக்குப் போகட்டும் என்றும் செட் பண்ணி வைத்திருப்பார்கள். இரண்டும் ஒன்றாக வேலை செய்யாது. காத்திருப்பு திறந்திருந்தால் இரண்டாவது கோலுக்கு லைன் எங்கேஜாகத் தெரியவே தெரியாது; அவருக்கு வெறுமனே ரிங் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் கொட்டாஞ்சேனை வாடிக்கையாளரோடு விலை பேசிக்கொண்டிருக்க, மாவனல்லையிலிருந்து எடுத்தவர் "கடையில் ஆள் இல்லை போல" என்று வைத்துவிடுவார். ஓடர் எடுக்கும் டெலிபோனில் காத்திருப்பை மூடிவிட்டு, எங்கேஜ் திருப்பலை வேலை செய்ய விடுவதுதான் உத்தமம். கிராண்ட்ஸ்ட்ரீமில் மூடுவதற்கு *50, திறப்பதற்கு *51.

கோலைக் கையால் மாற்றிவிடுவதற்கு டெலிபோனில் 'ஆர்' என்றோ 'ஃபிளாஷ்' என்றோ ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தியவுடன் லைன் கட்டாகிவிடுகிறது, அல்லது ஒன்றுமே நடப்பதில்லை என்று பலர் முறைப்பாடு சொல்கிறார்கள். டெலிபோன் பழுதில்லை. அந்தப் பட்டன் லைனை எவ்வளவு நேரம் அறுக்கிறது என்பது டெலிபோனுக்கு டெலிபோன் வித்தியாசம். பெட்டி எதிர்பார்க்கும் நேரத்தை டெலிபோனுக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலைதான். வந்த தம்பி பிளேன்டீ குடிக்க முன் செய்திருக்கலாம்.

லைன் துவாரத்தில் இரண்டு செட்டிங்குகள் இருக்கின்றன. அவற்றைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன், ஏனென்றால் அவை அடுத்தவரின் காசோடு சம்பந்தப்பட்டவை. முதலாவது, வெளி லைனில் வரும் கோலை எத்தனையாவது ரிங்கில் பெட்டி எடுக்க வேண்டும் என்பது. பெட்டி லைனை எடுத்த கணத்திலிருந்து, கோல் எடுத்தவருக்குக் கட்டணம் ஓட ஆரம்பித்துவிடும். உள்ளே ஸ்டோரில் இன்னும் மணிதான் அடித்துக்கொண்டிருக்கும், ஒருவரும் "ஹலோ" சொல்லியிருக்க மாட்டார்கள், அக்கரைப்பற்றிலிருந்து எடுத்த காக்காவின் காசு மட்டும் போய்க்கொண்டிருக்கும். சொற்பக் காசுதான். ஆனாலும் அவருக்குத் தெரியாமல் அவருடைய பையிலிருந்து போகிறது. ஆகவே பெட்டி அவசரப்பட்டு எடுக்காமல், ஸ்டோரில் ஆள் இருக்கும் நேரங்களில் மட்டும் இந்தத் திருப்பலைப் போட்டு வையுங்கள். முதல் ரிங்கிலேயே எடுக்கும்படி வைத்தால் இன்னொரு குறையும் வரலாம்: எடுத்தவரின் இலக்கம் வந்து சேர முன்பே பெட்டி லைனை எடுத்துவிடும், யார் எடுத்தார் என்று பிறகு பார்க்க முடியாது.

இரண்டாவது, பேசி முடித்து அடுத்தவர் வைத்துவிட்டார் என்பதைப் பெட்டி எப்படி அறியும் என்பது. மனிதனுக்கு 'டூ டூ' சத்தம் கேட்டால் விளங்கும். பெட்டிக்கு அந்தச் சத்தம் எந்த அலைவரிசையில், எவ்வளவு நேரம் கேட்டு எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் அது வேறு. அமெரிக்க அளவிலேயே விட்டுவைத்தால், வைத்துவிட்டுப் போனவரின் லைனைப் பெட்டி பிடித்துக்கொண்டே இருக்கும். பின்னேரம் முழுக்கக் கடை லைன் எங்கேஜ். முதலாளி டெலிபோன் கொம்பனிக்கு ஏசிக்கொண்டிருப்பார். பெட்டி பொருத்திய அன்று வெளியிலிருந்து ஒரு கோல் எடுத்து, பேசி, வைத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ரிங் போனால் நல்லது. எங்கேஜாக இருந்தால் அந்தத் தம்பியைப் படி இறங்க விடாதீர்கள்.

இன்டர்நெட் வழியாகவே வரும் இலக்கம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திருப்பல் இரண்டு இடங்களில் நடக்கலாம். பெட்டிக்குள்ளேயே நடக்கலாம், அல்லது சேவை தரும் கொம்பனியின் எக்ஸ்சேஞ்சில் நடக்கலாம். *72 அழுத்தும்போது அது எங்கே பதிகிறது என்று கேட்டு வையுங்கள். இரண்டிலும் பாதி பாதி பதிந்து கிடந்தால் எதை நீக்குவது என்று எவருக்கும் தெரியாது. இதைவிட முக்கியம், பெட்டிக்குள் பதிந்த திருப்பல் பெட்டி உயிரோடு இருக்கும்வரைதான். மின்சாரம் போனால், இன்டர்நெட் அறுந்தால் அதுவும் போய்விடும். கொம்பனியின் எக்ஸ்சேஞ்சில் பதிந்தது நிற்கும். "பெட்டியோடு தொடர்பு இல்லாவிட்டால் இந்த இலக்கத்துக்கு அனுப்பு" என்ற ஏற்பாட்டைக் கட்டாயம் கொம்பனியிலேயே போட்டுக்கொள்ள வேண்டும்.

முந்திய செம்பு வயர் லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. ஊர் முழுக்க இருட்டாக இருந்தாலும் டெலிபோன் அடித்தது அதனால்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அப்போது ஃபைபர் இணைப்பு எடுத்திருந்த கடைகளில் டெலிபோன் ஊமையானதைப் பார்த்தோம். லைன் துவாரம் உள்ள சில பெட்டிகளில், மின்சாரம் போனதும் டெலிபோனை நேராக வெளி லைனோடு இணைத்துவிடும் வசதி இருக்கிறது. அது செம்பு லைனுக்கு உதவும். ஃபைபரில் சுவரில் இருக்கும் பெட்டிக்கே மின்சாரம் வேண்டும் என்பதால் உதவாது. மூன்று பெட்டிகளுக்கும் சேர்த்து ஒரு சிறிய யூ.பி.எஸ். வாங்கினால் சில மணித்தியாலம் தாங்கும். கல்லாவுக்கு மேலே எரியும் அலங்கார லைட்டை விடச் செலவு குறைவு.

இப்போது எல்லோரும் தயங்கும் விஷயம். கோலை எங்கே திருப்புவது? பெரும்பாலான கடைகளில் நம்பிக்கையான ஒரு சேல்ஸ்மன் இருப்பார். அவருடைய சொந்தக் கைத்தொலைபேசிக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். மாலையில், ஞாயிற்றுக்கிழமையில், கடை பூட்டிய நேரத்தில் வரும் கோல் எல்லாம் அவருக்குத்தான். அவரும் முகம் கோணாமல் பேசுவார். வாடிக்கையாளருக்கு அவருடைய குரல் பழகிவிடும். இலக்கத்தைக் கேட்டு நேராக அவருக்கே எடுக்க ஆரம்பிப்பார்கள். நான்கு வருடத்தில் அவர் விலகி, இரண்டு தெரு தள்ளி ஒரு கடை போட்டால், வாடிக்கையாளர் யாருடையவர்? அவர் திருடவில்லை. நாமே *92 அழுத்திக் கொடுத்திருக்கிறோம். ஸ்ட்ரோஜராவது எக்ஸ்சேஞ்ச் பெண்ணைச் சந்தேகப்பட்டார். இங்கே சந்தேகப்பட எவரும் இல்லை.

பொடியன்மாரை நம்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கை வேறு, ஏற்பாடு வேறு. வீட்டுக்குப் போன பிறகும் இரவு பத்து மணிக்குச் சீமெந்து விலை சொல்லச் சொல்வது அந்தப் பிள்ளைக்கும் அநியாயம். அதற்கு மேலதிகச் சம்பளம் கொடுக்கிறோமா? கடையின் பெயரில் ஒரு சிம் எடுத்து, ஒரு சாதாரண கைத்தொலைபேசியில் போட்டு, அந்த வாரம் பொறுப்பு யாருக்கோ அவரிடம் கொடுங்கள். திருப்பல் அந்த இலக்கத்துக்கே போகட்டும். ஆள் மாறினாலும் இலக்கம் மாறாது. வந்த கோல்களின் பட்டியலும் கடையிலேயே இருக்கும். திருப்பிய கோலின் இரண்டாம் பகுதிக்குக் கட்டணம் எம்முடையது, அதில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஜும்ஆ நேரத்துக்கு மட்டும் எனது யோசனை வேறு. பள்ளிவாசலுக்குள் இருக்கும் சட்டைப் பைக்குக் கோலைத் திருப்பி என்ன பயன்? குத்பா நடக்கும்போது மணி அடித்துப் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பதுதான் மிச்சம். அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு பதிவு செய்த குரல் போதும்: கடை இத்தனை மணிக்குத் திறக்கும், உங்கள் இலக்கம் எங்களிடம் பதிந்திருக்கிறது, நாங்களே திரும்ப எடுக்கிறோம். தமிழிலும் சிங்களத்திலும் சொல்லுங்கள். எங்கள் வாடிக்கையாளரில் எத்தனை பேர் குருநாகலிலும் மாத்தறையிலும் இருக்கிறார்கள்! சொன்னால் கட்டாயம் திரும்ப எடுக்க வேண்டும். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். சிறிய பெட்டிகளில் பெரும்பாலும் இந்தக் குரல் வசதி இல்லை. சேவை தரும் கொம்பனியிடம் கேட்டு வாங்கலாம், அல்லது ஒரு பழைய கொம்பியூட்டரில் அஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டுச் செய்யலாம். மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர் 1999இல் எழுதியது. தனது சிறிய கொம்பனிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாங்கக் காசில்லாமல் தானே எழுதினார். விரும்பியவர்கள் நேரத்தையும் கிழமையையும் கொடுத்துவிட்டால் வெள்ளிக்கிழமை தானாகவே மாறிக்கொள்ளும். மற்றவர்கள் பெட்டியில் 'தொந்தரவு செய்யாதே' என்ற *78ஐ அழுத்திவிட்டுப் போவதைக் காண்கிறேன். தொழுதுவிட்டு வந்து *79 அழுத்த மறந்தால் சனிக்கிழமையும் கடை ஊமை.

பாதுகாப்புப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் நுழையப் பாஸ்வேர்ட் உண்டு. பழைய பெட்டிகளில் அது உலகம் முழுவதற்கும் ஒன்றேதான். பெட்டியை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து வைத்தால், 5060 என்ற வாசலைத் தட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட கள்வர்கள் சில மணித்தியாலத்தில் வந்துவிடுவார்கள். நள்ளிரவில் மணி அடித்து, எடுத்தால் ஆளே இல்லாத பேய்க் கோல்கள் இவர்களுடைய வேலைதான். உள்ளே புகுந்தால் உங்கள் லைனிலிருந்து தொலைதூர நாடுகளின் கட்டணம் கூடிய இலக்கங்களுக்குக் கோல் ஓடும். கடை பூட்டியிருக்கும் சனி, ஞாயிறு இரவுகளைத்தான் பெரும்பாலும் தேர்வு செய்வார்கள். பில் எமது பெயரில் வரும். எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரிக்கு அப்படி வந்த பில்லைக் கட்ட ஒரு மாத லாபம் போனது. பாஸ்வேர்டை மாற்றுங்கள். இன்டர்நெட்டிலிருந்து வெளி லைனுக்கு ஏறுவதற்குப் பின் இலக்கம் வைக்கும் இடம் பெட்டியில் உண்டு, அதை நிரப்புங்கள். வெளிநாட்டுக் கோல் தேவையில்லாத கடையில் 00 என்று தொடங்கும் இலக்கங்களை மறித்து வையுங்கள். மறிக்கும்போது 119, 110, 1990 ஆகிய அவசர இலக்கங்கள் போகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. நன்றாக உடுத்த ஒருவர் கடைக்கு வருவார். "உங்கள் மேல்மாடியில் ஒரு சிறிய பெட்டி வைக்கிறோம், லைன் உங்கள் பெயரில் இருக்கட்டும், பில்லை நாங்கள் கட்டுகிறோம், மாதாமாதம் வாடகையும் தருகிறோம்" என்பார். அந்தப் பெட்டியும் கேட்வேதான். வெளிநாட்டிலிருந்து இன்டர்நெட்டில் வரும் கோல்களை உள்ளூர் கோல் போல இறக்கிவிடும் கள்ள வழி. உரிமம் இல்லாமல் அதைச் செய்வது இந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் பொலிஸாரும் தேடி வரும்போது, பெட்டி கொண்டுவந்தவர் இருக்க மாட்டார். லைனின் சொந்தக்காரர் இருப்பார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எமது கடைகளிலும் வீடுகளிலும் நடந்த சோதனைகளை எவரும் மறந்திருக்க மாட்டோம். விளக்கம் சொல்ல முடியாத ஒரு பெட்டி மேல்மாடியில் எரிந்துகொண்டிருப்பது எந்த வாடகைக்கும் பெறுமதியானதல்ல. எமது சொந்தப் பாவனைக்கு வாங்கும் பெட்டியைக் கூட, ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்று இறக்குமதி செய்யப்பட்டதா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாமல் இரண்டாயிரம் ரூபா குறைத்துத் தருகிறேன் என்பவர் பழுதானால் டெலிபோனே எடுக்க மாட்டார்.

வாங்கியவுடன் பெட்டியின் பாஸ்வேர்டை விற்பவரிடமிருந்து எழுதி வாங்குவதும் அவசியம். சில கொம்பனிகள் அதைத் தர மறுத்து, ஒவ்வொரு சிறிய மாற்றத்துக்கும் வந்து காசு வாங்குகின்றன. காசு கொடுத்து வாங்கிய பெட்டி எம்முடையது என்று முன்னரே பேசி, பற்றுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். என்னென்ன செட்டிங் எந்த நாளில் மாற்றப்பட்டது என்று ஒரு கொப்பியில் குறித்து, கல்லாவுக்கு அடியில் வையுங்கள். நீங்கள் உம்ராவுக்குப் போன நேரத்தில் மகன் அதைப் பார்த்துச் சரிசெய்யட்டும்.

ரமழானில் நேரங்கள் எல்லாம் மாறும். நோன்பு திறக்கும் நேரம் ஒரு மணித்தியாலம் கடையில் எவரும் இருக்க மாட்டார்கள், கடைசிப் பத்தில் நடுநிசி வரை வியாபாரம் நடக்கும். பிறை கண்ட அன்று இரவே திருப்பல் நேரங்களை மாற்றி, வெளியிலிருந்து ஒரு கோல் எடுத்துப் பார்த்துவிடுங்கள். பெருநாளைக்கு மறுநாளுக்கு நேரே கலண்டரில் "டெலிபோன்" என்று ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள், பழையபடி மாற்றுவதற்கு.